சாய்ந்த தலையும் சலியாத கையும்

வீட்டில் வளரும் பிராணிகளுள் நாய் குரைத்துத் தன் நோவை அறிவிக்கும், பூனை முனகும், ஆடு கத்தும். முயல் மட்டும் வாய் திறவாது. புல்வெளியில் பருந்துக்கும் நரிக்கும் இரையாகப் பிறந்த உயிர் அது. நோயுற்றிருப்பதைக் காட்டிக்கொண்டால் பகைவர் முதலில் அதனையே நாடுவர். ஆகையால் நோவை மறைப்பது அதன் பிறவிக் குணமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்தும் அக்குணம் மாறவில்லை. வயது முதிர்ந்த முயலின் காதில் சீழ் பிடிக்கும்போது, வளர்ப்போர் அதனைக் காலந்தாழ்த்தியே அறிவதற்குக் காரணமும் இதுவே.

மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்து வேப்பமர நிழலில் பலகைக் கூடு ஒன்று. அதிலே ஏழு வயதான வெள்ளை முயல். ஆசையோடு வாங்கிய பேரப்பிள்ளைகள் படிப்புக்காகக் கொழும்புக்குச் சென்றுவிட்டனர். முயலுக்கு அம்மம்மாதான் துணை. கச்சான் காற்று மணலை வாரியடிக்கும் நாட்களில் ஒருநாள் முயல் பின்னங்காலால் காதைச் சொறிகிறது, தலையை உதறுகிறது. தெள்ளுக் கடித்திருக்கும் என்று அவர் எண்ணுகிறார். சில வாரங்கள் செல்கின்றன. தின்னும் புல் வாயின் ஒருபுறத்தால் நழுவி விழுகிறது. பின்னர் ஒரு காலை, தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, கண்மணிகள் இடைவிடாது ஊசலாட, எழுந்து நிற்க இயலாமல் முயல் உருண்டு கிடக்கிறது. “வாதம் அடித்துப்போட்டுது அம்மா, இனித் தேறாது” என்கிறார் அயல்வீட்டுக்காரர்.

அது வாதம் அன்று. காதின் நோய் உள்ளே இறங்கிவிட்டதன் அடையாளம் அது. செவிப்பறைக்கு அப்பால், நடுச்செவியில், கிண்ணம் போன்றதோர் எலும்பறை உண்டு. மூக்கின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு குழாய் அங்கே செல்கிறது. மூக்கிலுள்ள கிருமிகள் அக்குழாய் வழியே ஏறி, எலும்பறையில் குடிகொள்ளக்கூடும். அருகிலோடும் முகநரம்பு தாக்கப்பட்டால் உதடு தொங்கும்; இமை மூடாது. உட்செவியை நோய் எட்டினால் உடலின் சமநிலை கெடும்; தலை சாயும். காது தொங்கும் இன முயல்களுக்குக் காற்றோட்டம் குறைவாகையால் இத்தொல்லை மிகுதி.

இந்நோய் பிடிவாதமானது ஏன்? மனிதனுடைய சீழ் பெரும்பாலும் வடிந்தோடும். முயலின் சீழோ பற்பசைபோல் கெட்டியானது. எலும்பறைக்குள் அடைபட்ட அது தானாக வெளியேறாது. மருந்தும் அதனுள் எளிதிற் புகாது. ஆகவே வெளிக்காது சுத்தமாகத் தோன்றும்போதும் உள்ளே நோய் உறங்கிக் கிடக்கலாம்.

இக்கிருமிகளுள் ஒன்றுக்குப் பாஸ்டுரெல்லா என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் பெயரால் வழங்குவது. கோழிகளுக்குக் கொள்ளைநோய் விளைப்பதும் அதுவே. 1887-ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்தபோது, இக்கிருமியைப் பரப்பி அவற்றைக் கொல்லலாமெனப் பாஸ்டர் யோசனை கூறினார். 1888-இல் சிட்னித் துறைமுகத்திலுள்ள ரொட் தீவில் பரிசோதனைகளும் நடந்தன. ஆணைக்குழு அத்திட்டத்துக்கு இசையவில்லை. ஆனால் அதே பாஸ்டர் 1885-இல் விசர்நாய்க்கடிக்குக் கண்ட தடுப்புமருந்து, நோயுற்ற முயலின் முண்ணாணை உலர்த்திச் செய்யப்பட்டதாகும். எத்தனையோ குழந்தைகளின் உயிர் காத்த மருந்து முயலின் உடலிலிருந்து பிறந்தது. அவ்வுயிருக்கு மனிதர் பட்ட கடன் சிறிதன்று.

தலை சாய்ந்த முயல்களெல்லாம் ஒரே நோயுடையன என்று கொள்ளலாகாது. காதினுள் கபிலநிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தால், காரணம் சிற்றுண்ணியாக இருக்கலாம். அப்பொருக்கைப் பிய்த்தெடுப்பது பெருங்கொடுமை. அடியிலுள்ள தோல் புண்ணாகியிருக்கும். ஐவர்மெக்டின் போன்ற மருந்தை வைத்தியர் உரிய இடைவெளியில் கொடுக்க, பொருக்கு தானே உதிரும். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் வேறொரு நுண்ணுயிரும் தலையைச் சாய்க்கும். அதற்கு பென்பென்டசோல் என்னும் மருந்தை 28 நாட்கள் கொடுப்பது வழக்கம். எது காரணமென்று தெளிவது வைத்தியரின் வேலை. ஆதலால் மன்னாரிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் முயலைக் காட்டுவதே முதற்கடமை.

அதற்குமுன் செய்யத்தகாதவை சில. உள்ளி காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றலாகாது. செவிப்பறை கிழிந்திருந்தால், ஊற்றுவது எதுவாயினும் உட்செவிக்குச் சென்று கேடு விளைக்கும். மனிதரின் காதுத்துளி மருந்துகளும் அவ்வாறே. வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலின் மருந்தை வாயால் கொடுத்தல் அதனினும் ஆபத்து. முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அது அழிக்க, நச்சுக்கிருமிகள் பெருகி, சில நாட்களில் உயிரைப் போக்கிவிடும். பிள்ளைக்கு உயிர் தந்த மருந்து முயலுக்கு நஞ்சாவது இவ்விதமே.

வைத்தியர் சீழில் சிறிது எடுத்து, எம்மருந்துக்குக் கிருமி அடங்குமென்று ஆராயச் செய்யலாம். என்ரோபுளொக்சசின் போன்ற மருந்தை நான்கு முதல் ஆறு வாரங்கள், சிலவேளை அதனினும் நெடுங்காலம் கொடுக்க நேரும். நோவு தணிக்கவும் மருந்து உண்டு. வயது முதிர்ந்த முயலின் சிறுநீரகம் தளர்ந்திருக்கக் கூடுமாதலால், அளவை வைத்தியரே நிருணயிக்க வேண்டும். மருந்துக்கு இணங்காதபோது எலும்பறையைத் திறந்து சீழகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. மேலான ஆலோசனைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவபீடம் இருக்கிறது.

பத்தாம் நாளில் முயல் சற்றே நிமிரும். பலர் தவறுவது அங்கேதான். “சுகம் வந்துவிட்டது” என்று மருந்தை நிறுத்துவர். அடங்கிக் கிடந்த கிருமி மீண்டும் தலையெடுக்கும். முன்பு கேட்ட மருந்துக்குப் பிறகு கேளாமலும் போகலாம்.

மருந்தினும் முக்கியமானது தீன். முயலின் குடல் ஓயாது இயங்கவேண்டியது. அரைநாள் உண்ணாதிருந்தாலே ஆபத்து நெருங்கும். ஆகவே ஊசி நீக்கிய ஊசிக்குழலால், நீரில் குழைத்த தீனைக் கடைவாயில் சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். அறுகம்புல்லை முகத்தருகே வைக்க வேண்டும். போத்தலை எட்டமுடியாத முயலுக்குத் தட்டையான கிண்ணத்தில் நீர் வைப்பது நன்று. புழுக்கை இடுகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். வாரமொருமுறை நிறுக்க வேண்டும். உருளாதிருக்க இருபுறமும் சுருட்டிய துவாய்களை அணைகொடுக்கலாம். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதின் வழியாகவே உடற்சூட்டைத் தணிக்கிறது. மன்னாரின் வெயிலில் நிழலும், காற்றோட்டமும், மணல் அடியாத மூலையும் அதற்கு மருந்தேயாகும்.

இவ்வளவும் ஒரு முயலுக்காகவா என்று கேட்போர் உண்டு. மன்னாரின் தெருக்களில் திரியும் கழுதைகளைப் பற்றியும் இவ்வாறே கேட்டனர். ஒருகாலத்தில் பொதி சுமந்து, பின்னர் கைவிடப்பட்டு, வாகனங்களில் அடிபட்டுக் கிடந்த பிராணிகள் அவை. பிரிட்ஜிங் லங்கா என்னும் அமைப்பு அவற்றுக்கென ஒரு மருத்துவ நிலையத்தை மன்னாரில் அமைத்தபோது, அக்கேள்விக்கு ஊர் கண்டறிய ஒரு மறுமொழி கிடைத்தது.

இனி அந்தப் பேசாலை வீட்டுக்கு மீள்வோம். அயலவர் சொற்கேட்டு அம்மம்மா கைவிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் மருந்து, இடையிடையே ஊட்டல், ஆறு வாரம். முயல் உருளுவது நிற்கிறது. தானே நடந்து கிண்ணத்தை நாடுகிறது. தலை முற்றாக நேராகவில்லை. இனி ஆகாமலும் இருக்கலாம். தலை சாய்ந்தபடியே ஆண்டுக்கணக்காக நலமாய் வாழும் முயல்கள் உண்டு. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள், “ஏன் அம்மம்மா இது சாய்ந்து பார்க்கிறது?” என்று கேட்பர். பதில் சொல்லுமுன்னரே அது புல்லுக்காக அவர் கையை முகர்ந்துகொண்டிருக்கும்.