இரு கருவிகளுக்கு இடையே ஒரு பாலம்

மும்பையில் வாழும் தமிழர்களுள் குர்லா நிலையத்தில் இறங்கி வண்டி மாறாதவர் அரியர். தானேயிலிருந்து வருபவர் செம்பூர் செல்லவேண்டுமாயின் இங்கே இறங்கி ஹார்பர் பாதை வண்டியைப் பிடித்தாக வேண்டும். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடமும் இதே குர்லாதான். அன்று அவ்வண்டியை இயக்கியது 1500 வோல்ட் நேர்மின்னோட்டம். பின்னர், மும்பைப் புறநகர்ப் பாதைகளை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்திற்கு மாற்றத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. எல்லாப் பாதைகளையும் ஒரே இரவில் மாற்றிவிட இயலாது. ஒரு பகுதியில் பழைய மின்சாரமும் அடுத்த பகுதியில் புதிய மின்சாரமும் இருக்கும். ஆகவே, இரண்டையும் ஏற்று ஓடவல்ல வண்டிகள் விடப்பட்டன. 2016ஆம் ஆண்டில் ஹார்பர் பாதையும் மாறி முடியும் வரையில், பழையதற்கும் புதியதற்கும் நடுவே அவ்வண்டிகள் ஊழியம் செய்தன.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ரயிலன்று. அதனினும் மிகச் சிறியது. பழைய டி.வி. விளையாட்டுப் பெட்டிகளுக்கு வேறு வகைக் கைப்பிடிகளைப் பொருத்துவதற்காக இளைஞர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் அடாப்டர் என்னும் இணைப்புக் கருவியைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன். ஆயினும் அந்த ரயில் வண்டி செய்த வேலையும் இச்சிறு கருவி செய்யும் வேலையும் ஒன்றே. ஒருவரோடொருவர் பேச இயலாத இருவருக்கு நடுவே நின்று பேச்சை நடத்திவைப்பதே அவ்வேலை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இளமைப் பருவத்தில் இருந்தவர்களுக்கு இப்பெட்டிகளை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. நம் நாட்டில் அது சாமுராய் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதனைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகளோ பல பெயர்களில் வீடுகளுக்குள் புகுந்தன. கேசட் என்று சிறுவர்கள் அழைத்த தகட்டினை மேலே செருகி, டி.வி.யின் முன் சம்மணமிட்டு அமர்ந்தால் கோடை விடுமுறை கழிந்துவிடும். கையில் பிடித்து அழுத்தும் பகுதியை ஜாய்ஸ்டிக் என்பாரும் உண்டு. ரிமோட் என்பாரும் உண்டு. நாம் கைப்பிடி என்றே வைத்துக்கொள்வோம்.

இப்பெட்டிகளில் முதலில் பழுதாவது இக்கைப்பிடியே. பெட்டி ஓரிடத்தில் அசையாமல் இருக்கிறது; கைப்பிடியோ ஆயிரக்கணக்கான முறை அழுத்தப்பட்டும், இழுக்கப்பட்டும், சில வேளைகளில் தோற்றவனால் தரையில் எறியப்பட்டும் தேய்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் கடினமாகிறது, கம்பி அறுகிறது. அதே கைப்பிடி கடையில் கிடைப்பதில்லை. அதனால், நல்ல நிலையில் உள்ள பெட்டி பரணுக்குச் செல்கிறது. பரணிலிருந்து பங்கார்க்காரரின் சாக்குக்குச் செல்கிறது. பங்கார் என்றால் பழைய சாமான் என்பது மும்பைத் தமிழர் அறிந்த சொல்.

அந்தச் சாக்குகளுட் பல வந்து சேரும் இடங்களுள் குர்லாவும் ஒன்று. குர்லா, சாக்கி நாக்கா, காமாட்டிபுரா முதலிய பகுதிகளில் பழைய மின்னணுக் கருவிகளைப் பிரித்தெடுக்கும் சிறு பட்டறைகள் உள்ளன. செம்புக்காகக் கம்பிகளை எரித்தால் அவற்றின் மேலுறையிலிருந்து நச்சுப்புகை எழுகிறது. பழைய பற்றாசில் காரீயம் உண்டு. எரிப்பவர் அப்புகையைச் சுவாசிக்கிறார். அண்டை வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது. மின்னணுக் கழிவு பற்றிய விதிகள் 2012 முதல் நடைமுறையில் உள்ளன. 2016லும் 2022லும் அவை புதுப்பிக்கப்பட்டன. விதிகள் வேண்டியவையே. ஆனால், கழிவான பின் அதனை ஒழுங்காகக் கையாள்வதினும் கழிவாகாமற் காப்பது மேலன்றோ? ஒரு கைப்பிடி இல்லாத காரணத்தால் ஒரு பெட்டி முழுவதும் எரிதழலுக்குச் செல்வதைத் தடுக்க ஒரு முழக் கம்பி போதும் என்றால், அந்தக் கம்பியைப் பற்றி அறிந்துகொள்வது வீண்வேலை ஆகாது.

இனி, கைப்பிடியும் பெட்டியும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்ப்போம். இதில் மூன்று முறைகளை அறிந்தால் போதும்.

முதலாவது, நேர்முறை. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அடாரி பெட்டி இம்முறையைப் பின்பற்றியது. மேல், கீழ், இடம், வலம், சுடுதல் ஆகிய ஐந்து செயல்களுக்கும் தனித்தனிக் கம்பி உண்டு. பொத்தானை அழுத்தினால் அதற்குரிய கம்பி பொதுக்கம்பியோடு தொடுகிறது. பெட்டி உடனே அறிந்துகொள்கிறது. வீட்டின் அழைப்பு மணியைப் போன்றது இது. எளியதுதான், ஆனால் பொத்தான்கள் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகும்.

இரண்டாவது, வரிசைமுறை. ஃபேமிகாம் கைப்பிடியில் எட்டுப் பொத்தான்கள் உள்ளன. ஆனால் பெட்டிக்குச் செல்லும் கம்பிகள் ஐந்தே. மின்சாரத்திற்கு இரண்டு, உத்தரவுக்கு இரண்டு, விடைக்கு ஒன்று. எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒற்றைக் கம்பி எவ்வாறு சொல்கிறது? கைப்பிடியினுள் 4021 என்ற எண்ணுடைய சிறு சில்லு ஒன்று இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் உத்தரவு வந்ததும் எட்டு மாணவர்களும் இருந்த நிலையில் அசையாது நிற்கின்றனர். அடுத்த உத்தரவுக் கம்பியில் ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் ஒவ்வொருவராக முன்வந்து, ‘அழுத்தப்பட்டேன்’ அல்லது ‘அழுத்தப்படவில்லை’ என்று விடை சொல்கின்றனர். வினாடிக்கு ஐம்பது அறுபது முறை இப்பதிவு நடந்து முடிகிறது.

மூன்றாவது, முறைமாற்று முறை. ஸேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பெட்டி 1988இல் வெளிவந்தது. அதன் கைப்பிடியில் ஒரு கம்பி, ‘இது முதற் கேள்வியா, இரண்டாம் கேள்வியா’ என்று மட்டும் சொல்கிறது. அதற்கேற்ப மற்றக் கம்பிகள் ஒரு முறை சில பொத்தான்களின் நிலையையும், மறுமுறை வேறு சிலவற்றின் நிலையையும் தெரிவிக்கின்றன.

இங்கேதான் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அடாரிக்கும் மெகா டிரைவுக்கும், நம் ஊரில் விற்ற மலிவுப் பெட்டிகள் பலவற்றிற்கும் செருகி ஒரே வடிவம். ஒன்பது துளைகள் கொண்டது. ஒன்று மற்றொன்றில் தடையின்றிப் பொருந்தும். ஆனால் உள்ளே ஓடும் மொழி வேறு. அடாரியில் ஏழாம் துளை ஐந்து வோல்ட் மின்சாரம் தருவது. மெகா டிரைவில் அதே ஏழாம் துளை கேள்வி கேட்கும் கம்பிக்கு உரியது. அங்கே மின்சாரம் ஐந்தாம் துளையில் இருக்கிறது. பொருந்துகிறதே என்று செருகிவிட்டால் கைப்பிடியோ பெட்டியோ கெட்டுப்போகலாம். உருவ ஒற்றுமை கண்டு உறவென்று மயங்குவது மனிதரிடத்து மட்டும் நிகழும் பிழையன்று.

இதற்கு நேர்மாறாக, உருவத்தால் வேறுபட்டும் உள்ளத்தால் ஒன்றுபட்ட உறவினரும் உண்டு. ஃபேமிகாமின் அமெரிக்க வடிவத்திற்கு ஏழு முனைச் செருகி. 1990இல் வந்த அதன் தம்பியான சூப்பர் நிண்டெண்டோவுக்கும் ஏழு முனையே; ஆனால் வடிவம் வேறு; ஒன்று மற்றொன்றில் நுழையாது. பொத்தான்களும் பன்னிரண்டு. எனினும் தம்பி அண்ணனின் மொழியையே பேசுகிறான். அதே வரிசைமுறை, அதே ஐந்து வோல்ட், அதே ஐந்து கம்பிகள். பெட்டி முதல் எட்டு விடைகளை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறது. அந்த எட்டினுள் திசைகள் நான்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இரு செயற் பொத்தான்களும் கட்டைவிரலுக்கு வாகாக அமைகின்றன. ஆகவே இவ்விரண்டையும் இணைக்கச் சில்லு எதுவும் தேவையில்லை. ஐந்து கம்பிகளை உரிய இடத்தில் பற்றவைத்தால் வேலை முடிந்தது. இளைஞர் ஒருவர் முதன்முதலாகச் செய்து பழகுவதற்கு இதனினும் தகுந்தது இல்லை எனலாம்.

உறவே இல்லாத இரண்டை இணைப்பது எப்படி? 1994இல் வந்த பிளேஸ்டேஷன் கைப்பிடி வேறு மொழி பேசுகிறது, 3.3 வோல்ட் அளவிலேயே பேசுகிறது. அதனைப் பழைய ஐந்து வோல்ட் பெட்டியோடு இணைக்கவேண்டுமாயின் நடுவே ஒரு துபாஷி வேண்டும். அத்துபாஷிதான் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சில்லு. 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ என்ற சிறு பலகை, இத்தகைய சில்லுக்கு ஆணை எழுதும் வேலையைப் பள்ளி மாணவரும் செய்யத்தக்கதாக ஆக்கியது. அச்சில்லு ஒரு பக்கம் கைப்பிடியைக் கேட்டு அறிந்து, மறுபக்கம் பெட்டி கேட்கும்போது அதன் முறையிலேயே விடை தருகிறது. இரு பக்கத்து மின் அளவையும் தனியே சமன்செய்து கொடுத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பை நாளும் தொழிலாகச் செய்துவரும் எனக்கு இச்சில்லினிடத்து ஒரு தனி மதிப்பு உண்டு. இதற்கு இரு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, காலமும் தெரியவேண்டும். பெட்டி கேட்ட மாத்திரத்தில், வினாடியின் இலட்சத்தில் ஒரு பங்குக்குள், விடை அணியமாக இருத்தல் வேண்டும். தாமதித்தால் இடம் என்பது வலமாகிவிடும். மிகச் சரியான விடையும் பயனற்றதாகிவிடும். அன்றியும், தன் கருத்து எதையும் இடையே நுழைக்கக்கூடாது. ஒருவன் அழுத்தாத பொத்தானை அழுத்தியதாகச் சொல்லும் துபாஷியை யார் வைத்துக்கொள்வார்?

இதுகாறும் சொன்னதைக் கேட்டு, ‘விளையாட்டுக்கா இத்தனை பாடு’ என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லாக் கைகளும் ஒன்றுபோல் அமைந்தவை அல்ல. ஒரு கை இயங்காத சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இரு கையாலும் பற்றி, இரு கட்டைவிரலாலும் அழுத்தவேண்டிய கைப்பிடி அவளுக்குப் பயன்படாது. அண்ணன் விளையாட அவள் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். குறை பெட்டியில் இல்லை, அவளிடத்திலும் இல்லை, இடையில் உள்ள கைப்பிடியில் இருக்கிறது. இதனை உணர்ந்தே நிண்டெண்டோ 1989ஆம் ஆண்டில், மார்பில் அணிந்து மோவாயால் திசை காட்டி, குழாயில் மூச்சை ஊதியும் உறிஞ்சியும் விளையாடத்தக்க கருவி ஒன்றை அமெரிக்காவில் அளித்தது. 2018இல் மைக்ரோஸாஃப்ட் நிறுவனம், பலவகைப் பெரிய பொத்தான்களையும் மிதிவிசைகளையும் செருகிக்கொள்ளத்தக்க ஒரு பொதுக்கருவியை வெளியிட்டது.

அவை விலை மிக்கவை. ஆனால் அவற்றின் அடிப்படை எளியது. கைப்பிடியின் சிறு பொத்தானுக்கு இரு முனைகள் உண்டு. அவ்விரு முனைகளிலும் இரு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே கொணர்ந்து, உள்ளங்கை அளவுள்ள பெரிய பொத்தான் ஒன்றோடு இணைத்தால், இரண்டில் எதை அழுத்தினாலும் பெட்டிக்கு ஒன்றே. அப்பெரிய பொத்தானை முழங்கையாலும் அழுத்தலாம், காலாலும் அழுத்தலாம். ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. இதனால் அச்சிறுமி பார்வையாளர் வரிசையிலிருந்து ஆட்டக்காரர் வரிசைக்கு வந்துவிடுகிறாள். இதனை வெறும் விளையாட்டு என்று யார் சொல்வர்?

இவ்வேலையில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள் கூறுவது என் கடமை. முதலில், கம்பியின் நிறத்தை நம்பவேண்டா. மலிவுப் பெட்டிகளில் சிவப்பு எப்போதும் மின்சாரத்தையும் கறுப்பு எப்போதும் பொதுக்கம்பியையும் குறிப்பதில்லை. செருகியின் துளை வரிசையும் செய்தவருக்குச் செய்தவர் மாறும். மல்டிமீட்டர் கொண்டு ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்துத் தாளில் வரைந்துகொண்ட பின்னரே பற்றவைத்தல் வேண்டும். இணைத்து முடித்ததும், பெட்டியில் செருகுவதற்கு முன், மின்சாரக் கம்பியும் பொதுக்கம்பியும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதை மீண்டும் சோதித்தல் வேண்டும். பற்றவைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள கைப்பிடியை வெட்டாதீர்கள். பழுதானதன் கம்பியையும் செருகியையும் பயன்படுத்துங்கள். சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தின் பக்கம் மட்டும் உங்கள் சோதனையைக் கொண்டு செல்லாதீர்கள்.

வேண்டிய பொருள்கள் எங்கும் கிடைக்கும். மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, தில்லியில் லஜபத்ராய் மார்க்கெட், கொல்கத்தாவில் சாந்தினி சந்தை, சென்னையில் ரிச்சி தெரு என, நீங்கள் வாழும் நகரம் எதுவாயினும் சில்லும் கம்பியும் விற்கும் தெரு ஒன்று இருக்கும். அங்குள்ள கடைக்காரரிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசிப் பொருளைக் கேட்டு வாங்கும் பழக்கம், வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு பயிற்சி.

சொந்த ஊரை விட்டு வந்த நம்மவர்க்கு, ஒரு மொழியில் கேட்டு மற்றொரு மொழியில் விடை சொல்வது புதிதன்று. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி அல்லது வங்காளம், அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் என்று நாள்தோறும் நாமே பாலமாக நிற்கிறோம். அதனால் வீட்டுத் தமிழ் குறைவுபடவில்லை. தெருவின் மொழியும் குறைவுபடவில்லை. நல்ல இணைப்புக் கருவியின் இயல்பும் அதுவே. அது பழைய பெட்டியைப் புதிதாக்க முயல்வதில்லை. புதிய கைப்பிடியைப் பழையதாக்கவும் முயல்வதில்லை. இரண்டையும் அதனதன் இயல்பில் விட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வழி செய்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய பெட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தால், பங்கார்க்காரர் குரல் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கீழே இறக்கித் துடைத்து, வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒரு மல்டிமீட்டரோடு கொடுங்கள். அண்டை அயலில் கை இயலாத குழந்தை ஒன்று இருந்தால், அதற்கு எந்த அசைவு எளிது என்பதை முதலில் கேட்டுவரச் சொல்லுங்கள். கருவியைச் செய்வது அதன் பிறகு ஆகட்டும்.