பாகப்பிரிவினையும் சொத்து மதிப்பீடும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

ஜமாஅத்தின் முன் வரும் பிணக்குகளில் பாகப்பிரிவினை தொடர்பானவை குறைவல்ல. யாருக்கு எத்தனை பங்கு என்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை. அதை மார்க்கம் வரையறுத்துவிட்டது. பங்கிட வேண்டிய வீட்டின் மதிப்பு எவ்வளவு என்பதில்தான் சண்டை பிறக்கிறது.

பெற்றோர் முன்பே காலமாகிவிட்ட ஒருவர், மனைவியையும் இரண்டு ஆண்மக்களையும் இரண்டு பெண்மக்களையும் விட்டு மறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியது ஒரு வீடு. அதன் சந்தை மதிப்பு 48 லட்சம் ரூபாய் என்றால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 6 லட்சம், ஆண்மக்களுக்குத் தலா 14 லட்சம், பெண்மக்களுக்குத் தலா 7 லட்சம். மூத்த மகன் வீட்டைத் தாமே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தர முன்வருகிறார். ஆனால் அரசின் வழிகாட்டி மதிப்பு 24 லட்சம்தான் என்று கூறி, அதைக் கொண்டு கணக்கிடுகிறார். தங்கைக்குக் கிடைப்பது மூன்றரை லட்சம். பங்கின் கணக்கு பிசகவில்லை. ஆயினும் பாதி உரிமை போய்விட்டது.

வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயிப்பது. 2017 ஜூனில் தமிழக அரசு அதனை 33 சதவீதம் குறைத்தது. அதனால் மறுநாளே யாரும் தம் மனையை மூன்றில் ஒரு பங்கு மலிவாக விற்றுவிடவில்லை. எனவே பாகப்பிரிவினைக்கு வேண்டியது, தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் சந்தை மதிப்பு அறிக்கையே ஆகும்.

அவர் மனையைத் தனியாகவும் கட்டடத்தைத் தனியாகவும் மதிப்பிடுவார். மனைக்குச் சுற்றுப்புறத்தில் நடந்த விற்பனை, சாலையின் அகலம், மனையின் வடிவம், பாதை உரிமை ஆகியவற்றைப் பார்ப்பார். கட்டடத்திற்கு, இன்று கட்டினால் ஆகும் செலவிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்பார். இன்று கட்ட 20 லட்சம் ஆகும் வீட்டிற்கு ஆயுள் 60 ஆண்டு, இப்போது வயது 30, இறுதியில் எஞ்சும் மதிப்பு 10 சதவீதம் எனக் கொண்டால், தேய்மானம் 9 லட்சம். கட்டட மதிப்பு 11 லட்சம்.

இவ்வேலை மாதக்கணக்கில் இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம்மிடமே இருக்கிறது. அவர் வந்து நிற்கும்போதுதான் நாம் பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேடுகிறோம்!

முன்கூட்டியே ஒரு கோப்பில் சேர்க்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின் கட்டண அட்டை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. நகரங்களில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் தேவைப்படும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

கோப்பு சேர்ந்ததும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் 'காதர்', பட்டாவில் 'காதிறு' என்றிருப்பது நமக்குப் பழகிய சங்கதி. இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் தயாராக இருக்கட்டும். பத்திரம் சென்ட் கணக்கில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர்ஸ் ஏறக்குறைய 2.47 சென்ட். 5 சென்ட் மனை பட்டாவில் சுமார் 2 ஏர்ஸ் என்றிருந்தால் அது பிழையன்று. மெய்யாகவே அளவு வேறுபட்டாலோ எல்லைக்கல் காணாமற்போயிருந்தாலோ, கட்டணம் செலுத்தி அரசு நில அளவரைக் கொண்டு முதலில் அளந்துவிடுங்கள்.

பார்வையிடும் நாளில் எல்லா அறைகளும் திறந்திருக்கட்டும். வாடகைக்கு இருப்போரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாடி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று அறிந்த பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் நலம். விரிசலையும் நீர்க்கசிவையும் மறைக்க வேண்டாம்; வீட்டை எடுத்துக்கொள்பவர் அவற்றைப் பெரிதாக்கியும் காட்ட வேண்டாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மதிப்பீட்டாளரை அழைக்கும் கடிதத்தில் வாரிசுகள் அனைவரும் கையொப்பமிடட்டும். எதற்காக மதிப்பீடு, எந்தத் தேதியின் மதிப்பு என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். பிரியாத சொத்தில் அனைவரும் பங்குதாரர்கள். ஆகவே தந்தை மறைந்த நாளின் விலையைவிட, பிரிக்கும் நாளின் விலையே நேர்மையானது. கட்டணம் பொதுவில் போகட்டும். அறிக்கையின் நகல் சகோதரிகள் உட்பட ஒவ்வொருவர் கைக்கும் சேரட்டும். ஒருவர் மட்டும் அழைத்து, ஒருவர் மட்டும் பணம் கொடுத்துப் பெற்ற அறிக்கையை மற்றவர் நம்ப மாட்டார். பிறகு இரண்டாவது மதிப்பீடு, மூன்றாவது மதிப்பீடு என்று ஆண்டுகள் ஓடும்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் வாரிசு பிரிவினைப் பத்திரத்திற்காக அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

அன்பார்ந்த சகோதரர்களே! தாமதத்தால் வீட்டில் குடியிருப்பவருக்கு இழப்பில்லை. கணவர் வீட்டில் இருந்துகொண்டு, அண்ணனிடம் கேட்கக் கூச்சப்பட்டுக் காத்திருக்கும் சகோதரிக்கே இழப்பு. அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திராமல், இந்த வாரமே அந்தக் கோப்பைத் தயார் செய்வோம். உரியவருக்கு உரியதைக் குறைவின்றிச் சேர்ப்பிக்கும் நல்வாய்ப்பை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! வஸ்ஸலாம்.