கிற்றாரும் அசைவுக் கைபிடியும்

கல்முனைக் கரையிலே றபான் கொட்டுவோர், கொட்டத் தொடங்குமுன் அதன் தோலை அனலிற் காட்டுவர். கடற்காற்றின் ஈரம் தோலைத் தளர்த்திவிடும். தளர்ந்த தோலில் நாதம் எழாது. மருதமுனை நெசவாளருக்கும் இந்த நுட்பம் புதிதன்று. பாவு நூலின் இறுக்கம் கெட்டால் புடைவை கெட்டுப்போம் என்பதை அவர் கை அறியும். இழுவிசையே கம்பிக் கருவிகளுக்கும் உயிர். கம்பி இறுகச் சுருதி ஏறும், நெகிழ இறங்கும்.

வீணை வாசிப்பவர் மெட்டின் மேற் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை உயர்த்துகிறார். ஆனால் மீட்டிய ஆறு கம்பிகளையும் ஒருங்கே சற்றுத் தாழ்த்தி, மீண்டும் நிலைக்குக் கொணர விரல்களால் இயலாது. அதற்கென எழுந்ததே கிற்றாரின் வாற்புறத்தில் அமையும் அசைவுக் கைபிடி. பழைய பாட்டுக்களின் முடிவிலே கிற்றாரின் நாதம் குளத்து நீர்போல ஒருமுறை தளும்பி அடங்குவதை வானொலி நேயர்கள் கேட்டிருப்பர்.

1930-களில் அமெரிக்காவிலே கோப்மன் என்பவர் அமைத்த கைபிடி ஒன்று வழங்கியது. அதை அசைத்தபின் கம்பிகள் பழைய சுருதிக்குத் திரும்ப மறுத்தன. மேர்ல் திராவிஸ் என்னும் கிற்றார்க் கலைஞர், மோட்டார்ச் சைக்கிள் உறுப்புகள் செய்வதிற் கைதேர்ந்த போல் பிக்ஸ்பியிடம் அதனைத் திருத்தக் கொடுத்தார். பிக்ஸ்பியோ முற்றிலும் புதிதாக ஒன்றைப் படைத்தார். கம்பிகள் யாவும் உருளும் தண்டு ஒன்றிலே கோக்கப்படும். கைபிடியை அழுத்தினால் தண்டு சுழன்று கம்பிகள் நெகிழும். விட்டால் அடியிலுள்ள சுருள்வில் அதனைப் பழைய நிலைக்குத் தள்ளும். அவ்வளவே பொறி. இதனை இன்றும் பலர் 'திரெமலோ' என்கின்றனர். அது பிழை. திரெமலோ என்பது ஒலியின் வலுவை ஏற்றி இறக்குவது; சுருதியை அசைப்பது விபிராற்றோ.

இனி, கல்முனைப் பக்கத்து இளைஞன் ஒருவனுக்கு, கட்டாரில் உழைக்கும் காக்கா ஒரு வெற்றுடல் மின்கிற்றாரை வாங்கி அனுப்பினார் எனக் கொள்வோம். வீட்டில் அது ஒன்றே கருவி; பழுதானால் வேறில்லை. அதிற் கைபிடி பொருத்த அவன் ஊர் ஓடாவியாரை நாடுகிறான். "நாலு ஆணி அடிச்சா நிக்கும், தம்பி" என்பார் அவர். கதவுக்கு அந்த விடை சரி. வெற்றுடற் கிற்றாரின் மேற்பலகையோ மெல்லியது, உள்ளே வெறுமை. அதில் ஏறும் திருகாணிக்குப் பிடிமானம் இல்லை. ஆறு கம்பிகளின் இழுவையிலே பலகை பிளக்கவும் கூடும்.

ஆகவே வாங்கும்போதே தெரிவு சரியாதல் வேண்டும். பிக்ஸ்பியின் பீ-7 வகை மேற்பலகையிலும் திருகப்படுவது. உடலின் நடுவே மரக்கட்டை ஓடும் கருவிகளுக்கே அது தகும். முழு வெற்றுடலுக்கு உரியவை பீ-3, பீ-6 வகைகள். அவை வாற்புற விளிம்பில், உள்ளே கட்டை உள்ள இடத்தில் மட்டுமே திருகப்படும். மேற்பலகையில் ஒரு துளையும் வேண்டா.

பொருத்துமுன் ஓர் எச்சரிக்கை. இத்தகைய கிற்றார்களிற் பலவற்றின் குதிரை ஒட்டப்பட்டதன்று. கம்பிகளின் அழுத்தமே அதனை நிறுத்துகிறது. கம்பிகளைக் கழற்றியதும் அது நகர்ந்துவிடும். எனவே அது நின்ற இடத்தைச் சுற்றி, மெருகைப் பெயர்க்காத ஒட்டுநாடாவால் முன்கூட்டியே அடையாளமிடுக. பழைய வாற்பகுதியை எடுக்கையில் அதன் கீழே மெல்லிய கம்பியொன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நிலத்தொடுப்பு. புதிய உலோகத்தை அது தொடாவிடின், ஒலிபெருக்கி ஓயாது இரையும்.

அடுத்து, கிற்றாரின் தலைப்பக்கத்து எலும்புத் துண்டின் நடுவிலிருந்து வால்வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்த்தல் வேண்டும். ஓரக் கம்பிகள் இரண்டும் விரற்பலகையின் இரு ஓரங்களுக்கும் ஒத்த தூரத்தில் ஓடினாலன்றித் துளையிடலாகாது. துளை திருகாணியை விடச் சிறியதாக இருக்கட்டும். ஆணியிற் சிறிது சவர்க்காரம் தடவினால் மரம் வெடியாது. ஓடாவியாரின் கைத்திறன் இங்கேதான் பயன்படுகிறது.

கம்பிகளை ஏற்றியபின்னும் சுருதி நில்லாதாயின் பொறியைப் பழிக்கும் முன் எலும்புத் துண்டின் பள்ளங்களைப் பார்க்கவேண்டும். கம்பி அங்கே சிக்கினால் மீளாது. பென்சிலின் கரித்தூளைப் பள்ளத்திற் பூசினால் வழுக்கும். குதிரையிலும் அவ்வாறே. அப்பால் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒத்து நிற்கின்றனவா என்று கேட்க வேண்டும். ஒவ்வாவிடிற் குதிரையைச் சிறிதே நகர்த்தலாம்.

கைபிடியால் வீணையின் கமகம் வந்துவிடும் என எண்ணுவோர் ஏமாறுவர். அது ஒரு கம்பியைத் தனியே ஆளாது. எல்லாவற்றையும் சேர்த்தே அசைக்கும். அழுத்தம் மிகுந்தால் நாதம் நோயாளியின் குரல் போலாகும்.

கடலோரத்தில் உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். வாசித்து முடிந்ததும் தண்டையும் சுருள்வில்லையும் உலர்ந்த துணியாற் துடைத்து, தண்டு சுழலும் இரு முனைகளிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுக. பின்பு கைபிடியை ஒருமுறை அழுத்தி விட்டு, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்க வேண்டும்.