காணி யாருடையது? கணக்கு யாரிடம்?

ஹட்டன் நகரில் நின்று எத்திசையில் நோக்கினும் தேயிலையே தெரிகிறது. இந்த மண் யாருடையது என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? தோட்டத்துத் துரையுடையது என்போமா? கம்பனியுடையது என்போமா? இரண்டும் தவறு. இம்மண்ணின் பெரும்பகுதி அரசின் காணி. அரசின் காணி என்றால் நாட்டு மக்களின் காணி. மக்களின் காணியைக் காக்க ஒரு காவற்காரனை அமர்த்தியிருக்கிறோம். அந்தக் காவற்காரனைக் கேள்வி கேட்பவர் யார் என்பதே இன்று நம்முன் உள்ள வினா. வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சலைக் காப்பவர் எவர்?

கேட்பாரற்ற காலம்

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே, உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரிய நிலமாகக் கொள்ளப்பட்டன. அந்நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை தழைத்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் முன்னோர் காட்டை வெட்டினர், பாதை சமைத்தனர், பலர் அந்த மண்ணுக்கே உரமாயினர்.

நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அரசு அந்த நிலத்தை மீட்டது. 1972ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. இரண்டு கட்டங்களிலுமாக ஒன்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் வந்து சேர்ந்தது. பெருந்தோட்டங்களில் மிகுதியானவை பின்னர் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கையிலும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கையிலும் விழுந்தன. ஜனவசம என்றால் இங்குள்ள முதியோர் அனைவரும் அறிவர்.

அந்நியன் கையிலிருந்து நிலம் அரசின் கைக்கு வந்தது நல்லதே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் தெரிவாகும் வரை, அதாவது 1977 ஜூலை வரை, தோட்ட மக்களின் வாக்கால் எவரும் அச்சபைக்குள் நுழைய முடியவில்லை. இந்த மலைகளின் உடைமை கைமாறிய போது, அங்கு வாழ்ந்தவர் சார்பில் வாக்குப் பெற்று எழுந்து, ‘எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யாருக்கு, என்ன காரணத்தால்?’ என்று கேட்க ஒரு குரல் இல்லை.

கேட்பாரில்லாத நிலத்தில் என்ன நடந்தது? பட்டினி வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் லயன்களிலிருந்து விரட்டப்பட்டனர். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். பாராளுமன்றத்தில் ஒரு கேள்வியாக எழுந்திருக்க வேண்டியது, பாதையில் ஓர் உயிராக விழுந்தது. இதை நாம் மறத்தல் ஆகாது.

கம்பனிக்கு வந்த தோட்டம்

அரச நிருவாகம் நட்டத்தில் மூழ்கியது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1992 முதல் கணக்கிடப்படும் அக்குத்தகை 2045இல் முடிகிறது. குத்தகை என்பதைக் கவனியுங்கள். நிலம் விற்கப்படவில்லை. நிலத்தின் சொந்தக்காரன் இன்றும் அரசே.

அதற்கு அடையாளமாகத் திறைசேரிச் செயலாளரிடம் ஒரு பொன்பங்கு உண்டு. அது வெறும் அலங்காரமன்று. கம்பனியின் ஏடுகளை முன்னறிவித்தல் கொடுத்துப் பார்வையிடலாம். காலாண்டுதோறும் அறிக்கை பெறலாம். குத்தகை நிலத்தை மறுகுத்தகைக்குக் கொடுக்கவும் அதன் சம்மதம் வேண்டும். கையில் இத்தனை அதிகாரம் இருக்கிறது. அது எத்தனை முறை, எந்தத் தோட்டத்துக்காகப் பயன்பட்டது என்று பொதுமக்களுக்குச் சொல்வார் யார்?

இங்கேதான் வேலியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே அளிக்கிறது. 154ஆம் உறுப்புரை கணக்காய்வாளர் நாயகத்தை அரச கூட்டுத்தாபனங்களின் கணக்கைப் பார்க்கச் சொல்கிறது. அவருடைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 1979 முதல் இயங்கும் ‘கோப்’ என்னும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, தலைவர்களையும் அதிகாரிகளையும் அழைத்து விசாரிக்கிறது. ஆனால் ஒரு கம்பனியில் அரசின் பங்கு நூற்றுக்கு ஐம்பதாவது இருந்தால்தான் அக்கம்பனியின் கணக்கு கணக்காய்வாளர் நாயகத்திடம் வரும். பெருந்தோட்டக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. ஆகவே நிலம் பொதுவுடைமை, கணக்கு தனியுடைமை என்றாயிற்று.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. குத்தகைக்காரனை அழைக்க இயலாவிட்டால் சொந்தக்காரனை அழைக்கலாமே! திறைசேரி, பெருந்தோட்ட அமைச்சு, காணிச் சீர்திருத்த ஆணைக்குழு, அபிவிருத்திச் சபை, கூட்டுத்தாபனம் ஆகிய அனைத்தும் பாராளுமன்றத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவை. குத்தகைப் பணம் முழுதும் வந்ததா, மரம் வெட்டியதற்கு அனுமதி இருந்ததா, தரிசாய்க் கிடக்கும் ஏக்கர் எத்தனை என்று அவர்களைக் கேட்கலாம்.

கேட்டால் மட்டும் போதுமா என்பீர்கள். நியாயமான ஐயமே. அரச நிறுவனங்கள் நேரடியாக வைத்திருந்த தோட்டங்களில் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாய்க் கிடந்தன. சம்பளத்தில் பிடித்த காசு நிதியில் சேரவில்லை. கணக்காய்வு சுட்டிக் காட்டியது; குழுவும் கண்டித்தது; ஆயினும் ஓய்வுபெற்ற முதியோர் வெறுங்கையோடு காத்திருந்தனர். குழுவுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் உண்டு, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்குப் பின்னால் மக்கள் நின்றால்தான் அதற்கு உயிர் உண்டு.

உயிர் சம்பந்தமான கணக்கு

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எவரும் கருத வேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியது. அங்கு ஆபத்து உண்டு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியேற மாற்று நிலம் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலும் மலையகத்தில் மண்ணைச் சரித்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் வாழும் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்று அரசுகள் அறிவித்தன. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஓர் ஏக்கரில் பதினாறு குடும்பங்களுக்குப் பத்துப் பத்தாய்க் கொடுக்கலாம். நிலம் அரசுடையது, கொடுப்பதாகச் சொன்னதும் அரசு. இடையில் நிற்கும் தடை எது, எந்த மேசையில் எந்தக் கோப்பு உறங்குகிறது என்று தோட்டந்தோட்டமாகக் கேட்பதே சட்டசபையின் கடமை.

ஒன்றை நேர்மையோடு சொல்லிவைப்போம். மேற்பார்வை வேறு, தலையீடு வேறு. தம் ஆளுக்கு வேலை கேட்டும், தம் கட்சிக்காரருக்குக் காணி கேட்டும் அதிகாரிகளை அழைப்பது மேற்பார்வையன்று. அரச நிருவாகம் நொடித்ததற்கு அத்தகைய தலையீடும் ஒரு காரணம். திறந்த அவையில், ஏட்டை முன்வைத்து, எல்லோருக்கும் பொதுவாகக் கேட்பதே மேற்பார்வை. அதன் பயன் நமக்கு மட்டுமன்று. தோட்டத்தருகே காணியின்றித் தவிக்கும் கண்டிச் சிங்கள விவசாயிக்கும் அதே கணக்கு தேவை. இரு ஏழைகளை மோதவிட்டு நிலத்தைப் பிறர் கொண்டுபோன காலம் போதும்.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. குத்தகைக் காணிகளின் முழுப் பதிவேடு பாராளுமன்றத்தில் வைக்கப்படவேண்டும். பொன்பங்குக்காரர் பெறும் காலாண்டு அறிக்கைகளும் அவ்வாறே வைக்கப்படவேண்டும். நம் வாக்கால் சென்ற உறுப்பினர்கள் விழா மேடைகளில் தோன்றுவதற்கு முன், குழுக் கூட்டங்களில் தோன்ற வேண்டும்.

நம் பங்கு என்ன? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் சாதாரண குடிமகனுக்கும் ஒரு கணக்காய்வாளனின் கோலைக் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் விண்ணப்பம் எழுதட்டும், வழக்கறிஞர் சட்டம் காட்டட்டும், கணக்காளர் விடையைப் படித்துச் சொல்லட்டும், விவசாயி எல்லைக்கல்லைக் காட்டட்டும். கிடைக்கும் விடையை உறுப்பினரின் கையில் கொடுத்துச் சபையில் கேட்கச் செய்வோம்.

2045 தொலைவில் இல்லை. இன்று முதலாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளை அப்போது இளைஞனாய், இளம்பெண்ணாய் நிற்கும். குத்தகை முடியும் அந்நாளில் இந்த மலைகள் யார் கைக்கு, எந்த நிபந்தனையில் போகப் போகின்றன? 1975இல் கேட்க நமக்கு ஆசனம் இல்லை. இன்று ஆசனம் இருக்கிறது. ஆசனம் இருந்தும் கேளாதிருந்தால், அந்தப் பிள்ளை நம்மைக் கேட்கும். அதற்குச் சொல்ல நம்மிடம் விடை இராது.