வாங்க என்று சொன்னால் போதுமா?

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். முப்பத்தாறு வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து, கணக்கைத் தவிர அதிகம் பேசாதவன் நான். அதனால் என் தம்பி மகள் சொன்னதை உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அவள் கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் படிக்கிறாள். போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தாள். அங்கே வாராவாரம் தொண்டு செய்கிறாள் என்று தம்பிக்கு ஒரே பெருமை. தனியாக இருக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "பெரியப்பா, நான் முதலில் அங்கே போனது தொண்டு செய்ய இல்லை. அரிசி வாங்க."

தீவு என்பதால் பெரும்பாலான பொருள்கள் கப்பலில்தான் வர வேண்டும். விலை அதிகம். வாடகை கட்டிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தலையைக் குனிந்தபடி வரிசையில் நின்றிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பையை நிரப்பிக் கொடுத்த பாட்டி, "மை லவ், அடுத்த சனிக்கிழமை உருளைக்கிழங்கு மூட்டை வருகிறது. எனக்கு முதுகு வலி. பிரித்துப் போட வருவாயா?" என்று கேட்டாராம். அந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் 'மை லவ்' என்று கூப்பிடுவது சகஜம், நம் பக்கம் 'கண்ணு' என்பது போல.

அடுத்த வாரம் போனாள். "அன்றைக்கும் பை கொடுத்தார்கள். ஆனால் வாங்கும்போது தலை குனியவில்லை, பெரியப்பா" என்றாள்.

அந்தத் தீவுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1986 ஆகஸ்டில் 155 ஈழத்தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அந்தக் கடலில் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவரும் மற்ற மீனவர்களும்தான் அவர்களைக் காப்பாற்றினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, 38 பயணிகள் விமானங்கள் அதே தீவின் கேண்டர் என்ற சிற்றூரில் இறங்கின. ஊரில் இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். வந்திறங்கியவர்கள் சுமார் 6,600 பேர். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அதை விட்டுவிட்டு வண்டி எடுத்தார்கள். ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் உணவுப் பொருள்களைக் கெடாமல் வைத்தார்கள்.

குறை இல்லாத ஊர் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே 'கம் ஃப்ரம் அவே' என்று தனிப் பெயரே உண்டு. வீடு தேடியபோது, இவள் பெயரைக் கேட்டதும் பதில் வராமல் போனதும் உண்டாம். "ஆனால் உருளைக்கிழங்கு மூட்டை முன்னால் நான் வெளியாள் இல்லை" என்றாள்.

இதைச் சொல்லிவிட்டு, "பெரியப்பா, உங்கள் எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்றாள்.

"அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்" என்றேன்.

"நான் பெயரைத்தான் கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த வீட்டுப் பராமரிப்புத் தொகைக்கு நான்தான் ரசீது எழுதுகிறேன். ரசீது உரிமையாளர் பெயரில் போகிறது. பணம் கொண்டு வந்து கொடுக்கும் தம்பி எனக்கு வெறும் ஃபிளாட் நம்பர். அந்தக் காலத்தில் பித்தளை டோக்கன் நம்பரைச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டவன், பழக்கம் போகவில்லை.

விழாவுக்கு எல்லோரும் வாங்க என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் வருவதில்லை என்று குறையும் சொல்கிறோம். அவர்களிடம் ஒரு வேலையாவது கேட்டிருக்கிறோமா? வந்தவரை உட்கார வைத்தால் அவர் விருந்தாளி. ஒரு வேலையைக் கையில் கொடுத்தால்தான் நம் வீட்டு மனிதர்.

நேற்று எதிர்வீட்டு மணியை அடித்தேன். கோலப்போட்டிக்குப் பெயர் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று கேட்டேன். இன்று காலை ஏழு மணியிலிருந்து அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது அவர்தான். அடுத்த நிர்வாகக் குழுவில் வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு பேருக்காவது பொறுப்பு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே போய்க் கேளுங்கள்.