வராதவர்களுக்கும் ஒரு நூலகம்



மலேசியாவின் ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் கோப்பெங். ஈயம் கொழித்த ஊர். யூ யான் சாங் மருந்துக் கடை 1879-இல் இங்கேதான் தொடங்கியது. இன்று அதற்குப் பல நாடுகளில் கிளைகள். 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. சுற்றுவட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களும் பழையபடி இருக்கவில்லை. சில செம்பனைக்கு மாறின, சில துண்டு போட்டு விற்கப்பட்டன, சில தாமான் எனும் குடியிருப்புகளாகிவிட்டன. இப்போது வெளியூரார் குவா தெம்புருங் குகையைப் பார்க்கவும் கம்பார் ஆற்றில் படகு விடவும் வருகிறார்கள். நான் பேச வந்தது ஊரிலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றி. தோட்டம் போனபின் மலிவு விலை வீடுகளில் குடியேறிய நம் பெரியவர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு பொது நூலகம் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி.

தோட்டத்தில் நூலகம் ஏது என்று கேட்கலாம். கட்டடமாக இருந்ததில்லைதான். ஆனால் காரியம் நடந்தது. சாயங்காலம் கோயில் திண்ணையிலோ மளிகைக்கடை வாசலிலோ எழுத்துத் தெரிந்த ஒருவர் தமிழ் நேசனை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். பால் வெட்டிவிட்டு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்வார்கள். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அவரிடமே சொல்லி எழுதிக்கொள்வார்கள். பின்னாளில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் வந்தபோது பல தோட்டங்களில் ஓர் அலமாரி, நாலு பெஞ்சு, கொஞ்சம் புத்தகம் என்று படிப்பகங்கள் முளைத்தன. தோட்டப் பள்ளியிலும் ஓர் அலமாரி இருந்தது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 500-க்குச் சற்று மேல்தான். ஒரு பள்ளி மூடினாலோ இடம் மாறினாலோ பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்த அலமாரியைப் பற்றியோ உரக்கப் படித்துக் காட்டிய அந்த மனிதரைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும் 2019-இல் நின்றுவிட்டது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கணவர் காலமாகிவிட்ட, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. காலமெல்லாம் பால் வெட்டியவர், அதன்பின் புல் வெட்டியவர். வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. மேலே அரசாங்கச் சின்னம், உள்ளே மலாய். இவருக்குப் பேச்சு மலாய் நன்றாகவே வரும், பாசாரில் பேரம் பேசுவார். ஆனால் கடித மலாய் வேறு. கடிதத்தை நான்காக மடித்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார். மகள் கிள்ளானிலிருந்து வரும் வரை அது அங்கேயே இருக்கும். அதற்குள் பதில் தரவேண்டிய தேதி போய்விட்டால் உதவித்தொகையும் போச்சு. அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகைக்கு இணையத்தில் பதியலாம், தகவலையும் அங்கேயே புதுப்பிக்கலாம் என்கிறார்கள். கைப்பேசியில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் மட்டும் தெரிந்தவருக்கு அது எட்டாத உயரம்.

இந்தப் பாட்டிக்கும் நூலகத்துக்கும் என்ன தொடர்பு? என்னைக் கேட்டால், நூலகம் கட்டியதே இவருக்காகத்தான். யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் சேர்ந்து பொது நூலகங்களுக்கு ஓர் அறிக்கை வைத்திருக்கின்றன. அதை 1994-இல் திருத்தினார்கள், பிறகு 2022-இல் மறுபடியும் திருத்தினார்கள். மொழிச் சிறுபான்மையினர், உடற்குறை உள்ளவர்கள், மருத்துவமனையிலும் சிறையிலும் இருப்பவர்கள் ஆகியோருக்கெனத் தனிச் சேவை இருந்தே தீரவேண்டும் என்று அது முன்பிருந்தே சொல்லிவந்தது. 2022-இல் இன்னும் இரண்டு கூட்டத்தாரைச் சேர்த்தார்கள். ஒன்று, எழுத்தறிவு குறைந்தவர்கள். மற்றொன்று, கணினிப் பழக்கம் இல்லாதவர்கள். நம் பாட்டி இந்த இரண்டிலும் வருகிறார், மொழிச் சிறுபான்மையிலும் வருகிறார். அதே இஃப்லாவின் உலக மாநாடு 2018-இல் கோலாலம்பூரில் நடந்தது. 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ அறிவித்தது. யாரையும் ஒதுக்காமல் வாசிப்பைக் கொண்டுசேர்ப்பது அந்த ஆண்டின் நோக்கங்களில் ஒன்று. தலைநகரில் ஏற்றுக்கொண்ட பேச்சு கோப்பெங் வரை வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

நூலகக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது சுலபம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் தடைகள் தெரியும். உறுப்பினராக அடையாள அட்டை வேண்டும். திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் அலுவலக நேரம், தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு அது வேலை நேரம். பெரிய நூலகமான துன் ரசாக் நூலகம் ஈப்போவில் இருக்கிறது, அங்கே போய்வர வண்டி வேண்டும். உள்ளே போனால் தமிழ் அலமாரி சிறியது. அதிலும் மாணவர்களுக்கான பயிற்சி நூல்கள் நிறைய, பெரியவர்கள் ஆசையாகப் படிக்கும் நூல்கள் குறைவு. இவற்றுக்கு மேலே இன்னொரு தடையும் உண்டு, அதுதான் ஆகப் பெரியது: கூச்சம். கையெழுத்துப் போடவே தயங்குகிற ஒருவர், புத்தகம் அடுக்கிய ஒரு கட்டடத்துக்குள் போய் எனக்குப் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

வந்தவர்களின் எண்ணிக்கையை நூலகங்கள் ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றன. வராதவர்கள் யார் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. நலிந்தவர்களுக்குச் சேவை செய்ய நினைக்கிற நூலகம் அந்த இரண்டாவது கணக்கில்தான் தொடங்க வேண்டும்.

இதை நம்மவர் ஒருவர் மிக முன்பே செய்து காட்டியிருக்கிறார். நம் மூதாதையர் பலர் கப்பலேறி வந்த பழைய தஞ்சை மாவட்டத்தில், மன்னார்குடியில். அவர் பெயர் கனகசபைப் பிள்ளை, தொழிலால் பொறியாளர். கிராமத்தார் நகரத்து நூலகத்துக்கு வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாட்டுவண்டியைப் புத்தக வண்டியாக மாற்றி அமைத்தார். 1931 அக்டோபர் 21-ஆம் தேதி மேலவாசல் என்ற கிராமத்தில் அந்த வண்டியின் பயணத்தைத் தொடங்கி வைத்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர். உலகம் முழுவதும் நூலகத் துறையினர் இன்றும் படிக்கிற ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எழுதினவர் மேசையோடு நின்றுவிடவில்லை, புழுதித் தெருவில் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது: ஆர்வம் மட்டும் போதாது, ஆண்டுதோறும் பணம் வரவேண்டும். அவர் பாடுபட்டதன் பயனாக 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி அந்தப் பணம் நூலகத்துக்கே போகும்படி அமைத்தார்கள்.

அந்த வண்டியின் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2008-இல் மோலி என்ற பேருந்தை விட்டது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் அது போகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் நூலக நண்பர்கள் என்ற திட்டம் தொடங்கியது. நடமாட முடியாத முதியவர், உடற்குறை உள்ளவர், கர்ப்பிணி ஆகியோரின் வீட்டுக்குத் தொண்டர்களே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்தபின் வாங்கி வருகிறார்கள். அங்கே சிறைத்துறையும் அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சியில் கடை போட்டுக் கைதிகளுக்காக நூல்களைக் கேட்டு வாங்குகிறது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா சிறை தொலைவில் இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

கோப்பெங்கில் தொண்டர்களுக்கு எங்கே போவது? பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம். இரண்டிலும் தமிழ் படித்த, மலாயும் கணினியும் சரளமாகத் தெரிந்த இளையோர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, ஞாயிறென்றால் இன்னும் நல்லது, நூலகத்தில் ஒரு மேசை போடட்டும். கடிதத்தைக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம், பாரம் நிரப்பித் தருகிறோம் என்று தமிழில் ஓர் அறிவிப்பு வைக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கையும் நம்பிக் கொடுக்கிறார்கள், அந்தத் தாள் யாருடைய கைப்பேசியிலும் படமாகத் தங்கிவிடக் கூடாது. நூலக ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருந்தே இது நடக்க வேண்டும்.

அடையாள அட்டை என்றதும் இன்னொரு கூட்டத்தாரைச் சொல்லியாக வேண்டும். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டையோடு வாழ்நாளைக் கழித்த முதியவர்கள் நம்மிடையே உண்டு. பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்கிற பிள்ளைகளும் உண்டு. தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டுப்போன குடும்பங்களில் இந்தச் சிக்கல் தலைமுறை தாண்டித் தொடர்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதே போராட்டம். நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை என்பது அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகவும் வழி செய்யலாம். தலைமையாசிரியரோ கோயில் தலைவரோ பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் போதும் என்று ஒரு விதி எழுதுவதற்குப் பெரிய செலவில்லை. நாலைந்து புத்தகம் திரும்பி வராமல் போகலாம், போகட்டும். ஒரு பிள்ளை வாசலோடு திரும்பிப் போவதைவிட அது சிறிய நட்டம்.

பார்வையற்ற தமிழருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, நம்மில் பலருக்கு அது வந்து சேரவே இல்லை. 2013-இல் மராக்கேஷ் நகரில் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அதைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்ற, பதிப்புரிமையாளரிடம் தனியே அனுமதி கேட்க வேண்டியதில்லை என்கிறது அது. அப்படி மாற்றியதை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் நாடு விட்டு நாடு பகிர்ந்துகொள்ளலாம். 2014-இல் முதன்முதலாக இதை ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. மலேசியா 2022-இல் சேர்ந்தது. ஆக, தமிழ்நாட்டில் ஒலிநூலாக்கிய ஒரு தமிழ் நாவல் சட்டப்படி இங்கே வந்து சேரலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெயில் பிரிவு இருக்கிறது. இங்கே பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்கி வருகிறது. பாதை போட்டாகிவிட்டது. எனக்குத் தமிழில் வேண்டும் என்று கேட்கும் வாசகரும், அவருக்காக ஒரு கடிதம் எழுதும் நூலகரும்தான் இனி வேண்டும். சர்க்கரை நோயால் கண் மங்கிய எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! அவர்களும் இதில் அடக்கம்.

தமிழரை மட்டும் நினைத்துப் பேசினால் இந்த ஊருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். கோப்பெங்கிலிருந்து மலைப்பக்கம் போனால் உலு கெரோ. ரஃப்லீசியா மலரைக் காண வருவோருக்குப் பழகிய பெயர். அங்கே வாழ்பவர்கள் செமாய் மக்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகள். அவர்களின் கதைகளும் மூலிகை அறிவும் பெரும்பாலும் வாய்மொழியில் இருப்பவை. அவர்களுக்கு மலாய்ப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போவது ஒரு சேவை. அவர்கள் சம்மதித்தால், மூத்தோர் சொல்வதைச் செமாய் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்து அவர்கள் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுப்பது அதைவிடப் பெரிய சேவை. இதையே நம் தோட்டத்துப் பெரியவர்களிடமும் செய்யலாம். காலையில் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம், பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகை, ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத தகப்பன் என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் ஒரு நாள் போதாது. எழுத்துத் தெரியாதவர் நூலகத்திடமிருந்து வாங்க மட்டும் வருவதில்லை, கொடுக்கவும் அவரிடம் நிறைய இருக்கிறது. இது தெரிந்தால் அந்தக் கூச்சமும் பாதி போய்விடும்.

அவர்களுக்கு எதைப் படித்துக் காட்டுவது? அகிலன் இந்நாட்டுத் தோட்ட வாழ்க்கையைப் பார்த்து எழுதிய பால்மரக் காட்டினிலே இருக்கிறது. சயாம் மரண ரயில் பாதையை வைத்து நம் அ. ரெங்கசாமி எழுதிய நினைவுச் சின்னம் இருக்கிறது. இவை ஈப்போவிலும் கோப்பெங்கிலும் அலமாரியில் இல்லையென்றால், வாங்கி வைக்கும்படி நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். யாரும் கேட்காத மொழியில் நூலகம் புத்தகம் வாங்காது.

கோப்பெங் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தினர் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மண்டபத்தில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, உரக்கப் படிக்கக்கூடிய ஒரு பிள்ளை. நூலகத்தின் நடமாடும் வண்டி மாதம் ஒருமுறை உங்கள் வாசலில் நிற்க வேண்டுமென்று மாநில நூலகத்துக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்புங்கள். அதில் எத்தனை முதியவர்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்குக் கண் தெரியாது, எத்தனை பேருக்கு அட்டை இல்லை என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அந்தக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.