மெல்லிய தோலுக்கு மென்மையான கை
(திருவாடானையில், வீட்டில் முதியோரைப் பராமரிப்பவர்களுக்கான உரை)



உங்க வீட்டில் எண்பது வயசைத் தாண்டிய அப்பத்தாவோ ஐயாவோ இருந்தால், அவங்க முன்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். லேசா இடிச்சாலே கன்றிப்போகும், இழுத்தால் கிழிந்துவிடும். வயதாகும்போது தோலின் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் உள்ள பிடிப்பு தளர்வதுதான் காரணம். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இப்படி ஆகலாம்.

இந்தக் காயங்களில் பல, அன்பாகப் பார்த்துக்கொள்ளும் நம்ம கையாலேயே வருகின்றன. அதனால் தடுப்பதும் நம்ம கையில்தான் இருக்கு.

தூக்கும்போது கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அடியில் மடித்த வேட்டியை விரித்து, இரண்டு பேராகத் தூக்குங்க. அதற்கு முன் உங்க மோதிரம், வளையலைக் கழற்றிடுங்க. இருவர் நகத்தையும் ஒட்ட வெட்டி வையுங்க.

குளிப்பாட்ட வெதுவெதுப்பான தண்ணீர் போதும். நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பைத் தடவுங்க. காலையும் இரவும் தடவினால் நல்லது. முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்க. கட்டில், நாற்காலி விளிம்புகளில் துணி சுற்றுங்க. இரவில் சின்ன விளக்கு எரியட்டும்.

படுத்த படுக்கையாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்க.

மீறித் தோல் கிழிந்தால் பதறாதீங்க. சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்க. சுத்தமான தண்ணீரில் கழுவுங்க. தொங்கும் தோலை வெட்டாதீங்க. ஈர விரலால் மெதுவாகப் பழைய இடத்தில் படிய வையுங்க. மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். பிளாஸ்திரியும் ஒட்டாதீங்க, அதை உரிக்கும்போது இன்னொரு காயம் வரும். காயத்தில் ஒட்டாத கட்டுத்துணி வைத்து, தளர்வாகச் சுற்றி, அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்க. முதல் நாளே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், காயம் ஆறுகிறதா என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரத்தம் நிற்காவிட்டால், சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் தாமதிக்காதீங்க. சர்க்கரை நோயாளிக்குக் காலில் காயம் என்றால் சின்னதாக இருந்தாலும் உடனே போங்க.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காகவே 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கு. வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும். உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லுங்க. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

நம்மைத் தூக்கி வளர்த்தவங்களைப் பக்குவமாகத் தூக்குவோம்.